எட்டுக்கால் பூச்சி பூச்சியன்று: அறிவியல் படநூலும் தமிழ் வாசிப்பும்

தொடக்கநிலை வாசிப்பு என்றால் கதை வாசிப்பே என்னும் பழக்கம் நம் பள்ளிகளுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 20 முதலாம் வகுப்புகளை ஆராய்ந்த நெல் டியூக், தகவல் நூல்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 3.6 நிமிடங்களே ஒதுக்கப்பட்டதை 2000இல் வெளியிட்டார். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் ஜான் கத்ரி 1990களில் உருவாக்கிய முறையோ, மாணவரை முதலில் உயிரியை உற்றுநோக்கச் செய்து, அங்கு எழுந்த வினாக்களோடு நூலுக்கு அனுப்பியது. இம்முறை நமக்கும் ஏற்றதே. ஆயினும் அதனைத் தமிழ் வகுப்புக்குக் கொணர்வோர் சொல்லின் சிக்கலைக் கருதுவதில்லை.

சிலந்தியை நாம் வீட்டில் 'எட்டுக்கால் பூச்சி' என்கிறோம். பூச்சிக்கு ஆறு கால்கள் என்கிறது அறிவியல் பாடம். இவ்விரண்டையும் நம்பும் குழந்தை எதைக் கைவிடும்? ஆங்கிலப் பெயரில் இம்முரண் இல்லை. (நட்சத்திர மீனை மீனாக்கிய பழி ஆங்கிலத்துக்கும் உண்டு; அதையும் நாம் பெயர்த்துக்கொண்டோம்.) 'புழு' என்னும் சொல் இன்னும் இடர் தருவது. மண்புழு இறுதிவரை புழுவே, பட்டுப்புழுவோ அந்துப்பூச்சியாகும். பெயர் காட்டாத இவ்வேறுபாட்டைப் படம் காட்டும்: பட்டுப்புழுவின் மார்புப் பகுதியில் மூன்று இணைக் கால்கள் உள்ளன; மண்புழுவுக்குக் கால்களே இல்லை.

'கூட்டுப்புழு' என்பதும் இத்தகையதே. பட்டுப்புழு இழையால் கூடு பின்னி அதனுள் உருமாறுகிறது. வண்ணத்துப்பூச்சிகளுள் பெரும்பாலானவை அவ்வாறு கூடு பின்னுவதில்லை. புழுவின் கடைசித் தோல் உரியும்போது உள்ளிருந்தே கூட்டுப்புழு வெளிப்படுகிறது. எரிக் கார்லின் புகழ்பெற்ற பசித்த புழுக் கதை (1969) வண்ணத்துப்பூச்சியைக் கூட்டிலிருந்தே வெளிவரச் செய்கிறது. கதைக்கு அவ்வுரிமை உண்டு. அதனையே உருமாற்றப் பாடத்துக்கு நூலாகக் கொள்வதுதான் தவறு. தமிழில் அத்தவற்றுக்குச் சொல்லும் துணைபோகிறது.

கெயில் கிப்பன்ஸ் எழுதி வரைந்த சிலந்தி நூல் (1993) போன்றவற்றில் படத்தின் உறுப்புகளுக்குக் கோடிட்டுப் பெயர் எழுதப்பட்டிருக்கும். அப்பெயர்க்குறிப்புகளும் பனுவலின் பகுதியே. உரத்த வாசிப்பில் ஆசிரியர் தொடர்களை மட்டும் படித்துப் பக்கத்தைப் புரட்டினால், அறிவியலும் போகிறது, வாசிப்பும் போகிறது. வரியிலிருந்து படத்துக்கும் படத்திலிருந்து வரிக்கும் கண் சென்று மீள்வது தனித்திறன். கதைநூல் அதனை இவ்வளவு கோருவதில்லை.

மலேசியாவில் 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. அக்கொள்கை கைவிடப்படும் என 2009இல் அறிவிக்கப்பட்டது. தமிழில் அறிவியல் இயலுமா என்னும் ஐயத்தை நாம் பெரும்பாலும் கலைச்சொற்பட்டியலால் எதிர்கொண்டோம். எட்டு வயதுக் குழந்தை தடுமாறுவது கலைச்சொல்லில் அன்று, பூச்சி, புழு என்னும் வீட்டுச் சொற்களில். அறிவியலை ஆங்கிலத்தில் கற்கும் சிங்கப்பூர் மாணவருக்கோ நிலை வேறு: கருத்து முன்பே தெரியும், தமிழ்ப்பெயரே புதிராகும். அப்புதிர் தமிழ் வகுப்பில் நல்லதொரு உரையாடலுக்கு வாயிலாகலாம்.

ஆங்கில நூலின் நேர் மொழிபெயர்ப்பு 'சிலந்தி பூச்சியன்று' எனச் சொல்லும். 'நாம் எட்டுக்கால் பூச்சி என்கிறோமே, ஏன்?' எனக் கேளாது. மூலத்துக்கு அவ்வினா தேவைப்படவில்லை. தமிழில் எழுதப்படும் படநூல் அவ்வரியோடு தொடங்கவேண்டும். அத்தகைய நூல் கிட்டும்வரை ஆசிரியரே அதனைப் படத்தினடியில் எழுதி ஒட்டலாம்.