வெட்டாமல் வரும் அழகு

மோட்டார் சைக்கிளைத் தன் ரசனைக்கேற்ப மாற்றும் கலையில் மூன்று பாணிகளுக்குப் பெயர் அதிகம்: முன் ஃபோர்க்கை நீட்டிச் சாய்த்த கலிஃபோர்னியாவின் சாப்பர், தாழ்ந்த ஹேண்டிலும் ஒற்றை சீட்டுமாக 1950, 60களில் லண்டன் ஏஸ் கஃபே வட்டாரத்தில் வளர்ந்த கஃபே ரேசர், மட்கார்டைக் குறைத்து உடம்பை இளைக்கவைத்த பாபர். ஜெய்ப்பூரின் ராஜபுதானா கஸ்டம்ஸ், மும்பையின் வர்தெஞ்சி போன்ற பட்டறைகள் புல்லட்டை வைத்தே இந்த வித்தையில் பெயர் வாங்கின. படத்தில் பார்த்தால் எல்லாமே அழகுதான். ஆனால் திருவனந்தபுரத்துக்காரருக்கு உரைகல் சாலை. அவர் ஊர்ப்பக்க மலையான பொன்முடிக்கு ஏறும் வழியில் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஃபோர்க் சாயச் சாய இரு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் கூடும். நேர்ச்சாலையில் கம்பீரமாகப் போகிற வண்டி வளைவில் திரும்ப அடம்பிடிக்கும். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையிலோ, பின் மட்கார்டை வெட்டிய பாபர் ஓட்டுபவர் முதுகிலேயே சேற்றை அள்ளிப் பூசும். ஊருக்குப் பொருந்தாத பாணியை அப்படியே எடுத்து ஒட்டுவது நகல். கலை என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பற்றிய கேரள வழக்கொன்றில், தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, விதி மீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சேஸிஸைத் தொடக் கூடாதென்றால் கலைக்கு என்னதான் மிச்சம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதில் சென்னைத் திருவொற்றியூரில், புல்லட் தொழிற்சாலையில் இருக்கிறது. புல்லட் டேங்க்கின் பொன் கோடுகளை அங்கே ஒரே குடும்பத்துச் சகோதரர்கள் கையாலேயே வரைந்து வந்தார்கள். நீள மயிர்த் தூரிகை, வளைந்த இரும்பு, ஒரே இழுப்பு. நடுவில் கை தயங்கினால் கோடு காட்டிக்கொடுத்துவிடும். எந்த இரும்பையும் வெட்டாமலே அந்த டேங்க் தனித்து நிற்கிறது. நிறம், கோடு, சீட்டின் தையல் என்று விதிக்குள் நின்று செய்யக்கூடியவையே ஏராளம். நிறத்தை அடியோடு மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும், அவ்வளவுதான்.

சத்தமும் வெளிப்பாடுதானே என்று சைலன்சரைக் குடைந்தவர்கள் வாதிடலாம். படத்தைப் பிடிக்காதவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இரவு பதினொரு மணிக்குத் தெருவே அதிரும்போது காதை எங்கே திருப்புவது? பார்க்க வந்தவருக்கு மட்டும் காட்டுகிற அடக்கம் டேங்க்கின் கோட்டுக்கு உண்டு. குடைந்த சைலன்சருக்கு இல்லை. அதனால்தான் இந்தக் கலையின் பள்ளிகளை வரிசைப்படுத்தச் சொன்னால், வெல்டிங் பட்டறைக்கு முன்னால் பெயின்டரை வைப்பேன்.