பெயரறிந்தவர் குடியேறிய தீவு

கப்பலுடைந்து ஆளில்லாத் தீவில் ஒதுங்கியோரின் கதை, உலக இலக்கியத்தில் தனியொரு வகையாகவே வளர்ந்துவிட்டது. அவ்வகையில், தனிமனிதனை விடுத்து ஒரு முழுக் குடும்பத்தையே வெப்பநாட்டுத் தீவொன்றில் குடியேற்றிய நூல் ‘சுவிஸ் ராபின்ஸன்’. பெர்ன் நகரத்துப் பாதிரியார் ஜோஹன் டேவிட் வீஸ் தம் நான்கு புதல்வர்க்காகப் புனைந்த இக்கதையை, அவர்களுள் ஒருவரான ஜோஹன் ருடால்ஃப் செப்பனிட்டு 1812-ல் ஜெர்மன் மொழியில் வெளியிடத் தொடங்கினார். ராபின்ஸன் என்பது அக்குடும்பத்தின் பெயரன்று. டானியல் டீஃபோ 1719-ல் படைத்த ராபின்ஸன் குரூஸோவை நினைவூட்டும் அடைமொழியே அது.

குறை கூறுமுன் நிறை கூறுதல் முறை. தந்தை, தாய், நான்கு மைந்தர் ஆகிய அறுவரும் மரத்தொட்டிகளை இணைத்துப் படகாக்கிக் கரை சேர்கின்றனர். கப்பலில் எஞ்சிய கருவிகளையும் கால்நடைகளையும் கொண்டுவருகின்றனர். பெருமரமொன்றின் கிளைகளிடையே வீடு கட்டுகின்றனர். சுரைக்குடுக்கை பாத்திரமாகிறது, மரப்பால் காலணியாகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அவனவன் இயல்புக்கேற்ற வேலை. ஒவ்வொரு வேலையிலும் ஒரு பாடம். கூடி உழைக்கும் குடும்பத்தின் மகிழ்ச்சியை இத்துணைத் தெளிவாகக் காட்டும் நூல்கள் மிகச் சிலவே.

பெங்குவினும் கங்காருவும் தீக்கோழியும் மலைப்பாம்பும் ஒரே தீவில் எவ்வாறு வந்தன என்று திறனாய்வாளர் பலர் நகைத்திருக்கின்றனர். அதனை நாம் பெரிதாகக் கருதவில்லை. கற்பனைத் தீவில் கற்பனை விலங்குகள் உலவிவிட்டுப் போகட்டும். நம்மை உறுத்துவது வேறொன்று. அத்தீவில் எது எதிர்ப்பட்டாலும் தந்தை உடனே அதன் பெயரைச் சொல்லிவிடுகிறார், பயனையும் சொல்லிவிடுகிறார், பெரும்பாலும் அடுத்த கணமே துப்பாக்கி வெடிக்கிறது. அவர் குரங்குகளைக் கல்லால் எறிய, அவை தேங்காய்களால் திருப்பி எறிகின்றன. ‘ஆயிரத்தொரு இரவுகள்’ படித்தோர் இந்த உத்தியைச் சிந்துபாதின் ஐந்தாம் பயணத்திலேயே கண்டிருப்பர். தீவு அவருக்கு ஒன்றும் கற்பிக்கவில்லை. முன்பே படித்த ஏடுகளைச் சரிபார்க்கும் இடமாகவே அது நிற்கிறது.

இங்கே, அரபு இலக்கியத்தின் தீவுக்கதையொன்றை அருகில் வைத்துப் பார்த்தல் தகும். அந்தலூஸியாவின் மருத்துவரும் தத்துவ அறிஞருமான இப்னு துஃபைல் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘ஹய்யு இப்னு யக்ளான்’ என்னும் அந்நூல், 1671-ல் லத்தீனிலும் 1708-ல் நேரே அரபியிலிருந்து ஆங்கிலத்திலும் வெளிவந்தது. நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்தியத் தீவொன்றில் மான் பாலூட்ட வளர்கிறான் ஹய்யு. அவனுக்கு மொழியில்லை; பொருள்களின் பெயர் தெரியாது. தாய்மான் இறந்தபோது அதன் உடலைப் பிளந்து, பிரிந்து போனது எது என்று தேடுகிறான். அவன் கல்வி அந்தத் துயரத்திலிருந்தே வேர்கொள்கிறது. வளர்ந்தபின், கனியை உண்டால் விதையைக் காக்கவேண்டும், நிழலில் வாடும் செடிக்கு வெயில் கிடைக்கச் செய்யவேண்டும் எனத் தனக்குத்தானே விதி வகுத்துக்கொள்கிறான். அயல்தீவிலிருந்து அப்ஸால் வந்து மொழி கற்பித்த பிறகே பெயர்கள் அவனை அடைகின்றன.

ஹய்யுவுக்குப் பொருள் முந்தியது, பெயர் பிந்தியது; வீஸின் தந்தைக்குப் பெயர் முந்தியது. இவ்வேறுபாடு சிறிதன்று. பெயரை அறிந்தவுடன் பொருளும் தமதாகிவிட்டதென எண்ணுவோர் மண்ணைக் கைக்கொள்ளலாம். அதில் குடியமர்ந்தார் எனல் ஆகாது.

வீஸின் நூலிலேயே இதற்கு மாறான இரு இடங்கள் உண்டு. நூலின் உயிர்நிலை அவையே என்போம். ஒன்று, மரவள்ளிக்கிழங்கு. அதன் சாற்றில் நஞ்சிருக்கலாம் எனத் தந்தை அறிவார். துருவி, பிழிந்து, அடை சுட்டு, முதலில் கோழிக்கும் குரங்குக்கும் கொடுத்துக் காத்திருக்கிறார். அங்கே ஏட்டறிவு பணிந்து நிற்கிறது. மற்றொன்று, தாயின் தோட்டம். ஆடவர் உடைந்த கப்பலுக்குச் சென்றிருக்கையில், தன் பையில் கொணர்ந்த விதைகளை அவள் சொல்லாமலே விதைத்து வைக்கிறாள். மைந்தர் நால்வர்க்கும் பெயரிட்ட மூலநூல் அவளைத் தாய் என்பதோடு அமைகிறது. ஆயினும், முளைவிடும்வரை அங்கிருப்போம் என்னும் உறுதியுடன் தீவை முதலில் நோக்கியவள் அவளே. ஆசிரியர் அத்தோட்டத்தைச் சில வரிகளில் கடந்து, மீண்டும் வேட்டைக்கு விரைந்துவிடுகிறார். பெருங்குறை என நாம் கொள்வது அதுவே.

1879-ல் கிங்ஸ்டன் தந்த ஆங்கில வடிவில், கப்பல் வந்தும் பெற்றோர் தீவிலேயே தங்கிவிடுகின்றனர். மைந்தருள் இருவர் ஐரோப்பா திரும்புகின்றனர். தங்குவோர் தங்குவதற்குரிய காரணம் வேட்டைப் பக்கங்களில் இல்லை, தோட்டத்தில் இருக்கிறது. இந்நூலைச் சிறுவர் கையில் தருவதை நாம் தடுக்கமாட்டோம். தரும் ஆசிரியர்கள் அவ்விரு பகுதிகளையும் நின்று நிதானித்துப் படிப்பிக்கவேண்டும். இயலுமாயின் ஹய்யுவின் கதையையும் உடன் சொல்லவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.