ஊதினால் திறக்கும் பூட்டு

குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டவரை என்ன செய்வது? அபராதம் விதிக்கலாம், உரிமத்தைப் பறிக்கலாம், சிறையில் அடைக்கலாம். அமெரிக்காவில் இவற்றோடு இன்னொரு வழியும் உண்டு. அவருடைய காரிலேயே ஒரு பூட்டைப் பொருத்திவிடுகிறார்கள். ‘இன்டர்லாக்’ எனப்படும் இக்கருவியின் குழாயில் அவர் ஊத வேண்டும். மூச்சில் மது இருந்தால் எஞ்சின் கிளம்பாது. 1986-இல் கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றி இதைச் சோதனை முறையில் புகுத்தியது. 2005-இல் நியூ மெக்சிகோ, முதல் முறை தண்டனை பெற்றவர்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. இன்று 50 மாநிலங்களிலும் ஏதேனும் ஒரு வடிவில் இச்சட்டம் இருக்கிறது. இது பயன் தருகிறதா என்பதை ஆராய்வோம்.

முதலில் கருவியைப் பார்ப்போம். நுரையீரலில் குருதிக்கும் காற்றுக்கும் இடையே மிக மெல்லிய சவ்வுதான் உள்ளது. குருதியிலுள்ள மது ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் ஆவியாகி மூச்சுக்காற்றில் கலக்கிறது. மாணவர்கள் படித்துள்ள ஹென்றி விதியே இது. ஒரு மில்லி லிட்டர் குருதியில் உள்ள மது, 2,100 மில்லி லிட்டர் மூச்சில் உள்ள மதுவுக்குச் சமம் என்று அங்கே கணக்கிடுகிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் சட்ட வரம்பு, 100 மில்லி லிட்டர் குருதிக்கு 80 மில்லிகிராம். பூட்டோ பொதுவாக 20 அல்லது 25 மில்லிகிராமிலேயே மறுத்துவிடும். 25 மில்லிகிராம் என்பது, ஒரு லிட்டர் மூச்சில் ஏறத்தாழ 0.12 மில்லிகிராம் ஆகும்.

இத்துணைச் சிறிய அளவை உணர்வது ஓர் எரிபொருள் மின்கலம். அதன் பிளாட்டினம் மின்வாயில் மது ஆக்சிஜனேற்றம் அடைந்து அசெட்டிக் அமிலமாகிறது. அப்போது வெளிப்படும் எலெக்ட்ரான்கள் மின்னோட்டமாகின்றன. மது எவ்வளவோ, மின்னூட்டமும் அவ்வளவு.

வேறொருவரை ஊதச் சொல்லி ஏமாற்றலாமே என்று வாசகர்கள் கேட்கலாம். அதனால்தான் வண்டி ஓடும்போதும் கருவி இடையிடையே ஊதச் சொல்கிறது. ஊதுபவரின் முகத்தைப் படம் பிடிக்கும் கேமராவும் பல மாநிலங்களில் உண்டு. ஒவ்வோர் ஊதலும் அதன் அளவோடும் நேரத்தோடும் கருவியில் பதிவாகிறது. ஆகவே கருவியில் பெரிய குறை சொல்வதற்கில்லை. என் குறை, அதைப் பயன்படுத்தும் சட்டத்தின் மீதுதான்.

2011-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பூட்டு பொருத்தப்பட்டிருந்த காலத்தில் மீண்டும் கைதாவது, நடுநிலை அளவாக 67 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. மகிழத்தக்க செய்தி. ஆனால் பூட்டைக் கழற்றியதும் அந்தக் குறைவு மறைந்து, பூட்டே பொருத்தாதவர்களின் நிலைக்கு இவர்களும் வந்துவிட்டார்கள்.

சுருள்வில்லில் எடையைத் தொங்கவிட்டால் அது நீளும். எடையை எடுத்ததும் பழைய நீளத்திற்குத் திரும்பும். ஓராண்டு தொங்கவிட்டோம் என்பதற்காக வில் தன் இயல்பை மாற்றிக்கொள்ளாது. குடிப்பழக்கமும் அப்படித்தான் இருக்கிறது. சட்டமோ நாள்காட்டியைப் பார்த்துப் பூட்டைக் கழற்றுகிறது.

இத்தனைக்கும், யாரிடம் பூட்டைக் கழற்றலாம் என்பதற்கான சான்று கருவியிலேயே இருக்கிறது. மதுவோடு அடிக்கடி ஊதி மறுக்கப்பட்டவர்களே பின்னர் மீண்டும் பிடிபடும் வாய்ப்பு மிகுதி என்று ஆய்வுகள் கண்டுள்ளன. காலையில் வேலைக்குப் புறப்படும்போதே ஒருவர் மூச்சில் மது இருக்கிறது என்றால் அவருக்கு வேண்டியது மருத்துவம். வாஷிங்டன் போன்ற சில மாநிலங்கள், கடைசி மாதங்களில் மீறல் ஏதுமில்லை என்றால் மட்டுமே பூட்டை விடுவிக்கின்றன. இதுவே நேரிய வழி. இதனோடு சிகிச்சையும் சேர வேண்டும்.

காய்ச்சல்காரருக்கு வெப்பமானி வைத்து, அளவைக் குறித்துக்கொண்டு, மருந்து கொடுக்காமல் அனுப்பும் மருத்துவரை நாம் என்ன சொல்வோம்? நல்ல கருவியைக் கண்டுபிடிப்பதோடு அறிவியலின் வேலை முடிவதில்லை. அது சொல்லும் அளவைப் படித்து, அதற்கேற்பச் செயல்படவும் வேண்டும். சாலையில் எதிரே வருபவரின் உயிர் அதில்தான் இருக்கிறது.