ஜன்னலை வென்ற தட்டு

மொட்டைமாடி உணவகங்களில் சாப்பாடு நன்றாக இருக்காது என்பது என் நெடுநாள் அபிப்பிராயம். காரணம் இல்லாமல் இல்லை. பெரும்பாலான ஹோட்டல்களில் அடுப்பு ஒரு தளத்தில் இருக்கும், மேசை இன்னொரு தளத்தில். சூப் லிஃப்டில் ஏறி வருவதற்குள் அதன் ஆவி அடங்கிவிடும். திறந்தவெளி என்றால் காற்று வாசனையைக் கொண்டுபோய்விடும். வாசனை போனால் ருசியில் பாதி போன மாதிரி. இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கீழே விளக்குகளாக மினுங்கும் நகரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர், தட்டில் எதை வைத்தாலும் சாப்பிட்டுவிடுவார். கண் விருந்துண்ண ஆரம்பித்துவிட்டால் நாக்கைக் கேட்பார் இல்லை. இது சமையல்காரருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அது ரோமில் இருக்கிறது.

ரோம் நகரின் வடமேற்கே மோன்தே மாரியோ என்றொரு குன்று. கடல்மட்டத்திலிருந்து உயரம் 139 மீட்டர். ரோமின் புகழ்பெற்ற ஏழு குன்றுகளில் இதைச் சேர்ப்பதில்லை. ஆனால் அந்த ஏழையும்விட இது உயரம். இதன்மேல் ஹில்டன் ஹோட்டல் கட்டக் கிளம்பியபோது பெரிய சண்டை நடந்தது. நகரின் வான்விளிம்பையே கெடுத்துவிடும் என்று பத்திரிகைகளும் அறிவாளிகளும் எதிர்த்தார்கள். எதிர்ப்பை மீறி 1963-இல் ஹோட்டல் திறந்தது. இன்று அதன் பெயர் ரோம் கவாலியெரி. வால்டார்ஃப் அஸ்டோரியா வரிசையைச் சேர்ந்தது. அதன் உச்சித்தளத்தில் இருக்கும் உணவகம்தான் லா பெர்கோலா. பெர்கோலா என்றால் கொடிப்பந்தல். இரவு உணவுக்கு மட்டும் திறப்பார்கள்.

முதலில் ஜன்னலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எதிராளியின் பலத்தைச் சொன்னால்தானே வென்றவனின் பெருமை தெரியும்!

இங்கிருந்து பார்த்தால் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் கண்ணுக்கு நேரே நிற்கிறது. மைக்கேலாஞ்சலோ வடிவமைத்து, அவர் மறைந்த பிறகு 1590-இல் கட்டி முடித்த குவிமாடம். சிலுவை நுனிவரை ஏறக்குறைய 136 மீட்டர். கீழே சதுக்கத்தில் நின்று கழுத்தை ஒடித்து அண்ணாந்து பார்க்கும் அதே குவிமாடத்தை, இங்கே பக்கத்து மேசைக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்க்கலாம். அதைத் தாண்டிக் கூரைகள், மணிக்கூண்டுகள், வெள்ளைவெளேரென்ற விக்டர் இம்மானுவேல் நினைவகம். இன்னும் தள்ளி, தென்கிழக்கே நீலப் புகையாய் ஆல்பன் மலைகள். ஃப்ரஸ்காத்தி என்ற வெள்ளை ஒயின் அந்தச் சரிவுகளிலிருந்துதான் வருகிறது.

இந்தக் காட்சியில் பலர் கவனிக்காத நயம் ஒன்று உண்டு. குன்று நகருக்கு வடமேற்கே இருப்பதால் சூரியன் நமக்குப் பின்பக்கமாக மறைகிறது. வேறு பல உயர உணவகங்களில் அந்தி வெயில் நேராகக் கண்ணில் குத்தும். திரையை இறக்கச் சொல்ல வேண்டியிருக்கும். இங்கே அந்த வெயில் நம் தோளுக்கு மேலாகப் போய் நகரத்தின் முகத்தில் விழுகிறது. காவி, தேன், செங்கல் என்று ரோமின் சுவர்களுக்கு உள்ள நிறங்கள் எல்லாம் அந்த அரைமணி நேரத்தில்தான் முழுசாக வெளியே வரும். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு 8.48 ஆகிவிடும். எட்டு மணிக்கு உட்கார்ந்தவருக்கு முதல் தட்டு பகலில் வரும், கடைசித் தட்டு இரவில் வரும். டிசம்பரிலோ மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். உட்காரும்போதே நகரம் விளக்குமாலை போட்டுக்கொண்டிருக்கும். ஒரே மேசை, ஒரே உணவு என்றாலும் இரண்டு வேறு விருந்துகள். கேட்டால் நான் ஜூனுக்கே ஓட்டுப் போடுவேன்.

இரவில் ஜன்னலோர மேசைக்கு இன்னொரு சிக்கல் வரும். உள்ளே வெளிச்சம் கூடினால் கண்ணாடி ஜன்னலாக இருக்காது, முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். ரோமைப் பார்க்க வந்தவர் தன் மூக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் உயரத்தில் விருந்து வைப்பவர்கள் விளக்கைத் தாழ்த்தி, மேசைமேல் மட்டும் விழும்படி அமைப்பார்கள். தட்டில் இருப்பது தெரிய வேண்டும். வெளியே இருப்பதும் மறையக் கூடாது. நாடக மேடைக்கு ஒளி அமைப்பவரின் வேலைக்கு இது எந்த வகையிலும் குறைந்ததில்லை.

இப்படியொரு ஜன்னலை வைத்துக்கொண்டு மோசமாகச் சமைத்தாலும் மேசைகள் நிறையும். அப்படி ஒரு சொகுசு இருந்தும் அதை ஏற்க மறுத்தவர் ஹைன்ஸ் பெக். ஜெர்மன்காரர். ஹோட்டல் திறந்த அதே 1963-இல் பிறந்தவர். ஜெர்மனியின் பேர்போன சமையல் கலைஞர் ஹைன்ஸ் விங்க்லரிடம் தொழில் பழகியவர். 1994-இல் லா பெர்கோலாவின் சமையலறைப் பொறுப்பை ஏற்றார். ரோமில் வந்து ஒரு ஜெர்மன்காரர் பாஸ்தா செய்வது எப்படிப்பட்ட துணிச்சல் என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டாம். மதுரைக்கு வெளியூர்க்காரர் ஒருவர் வந்து இட்லிக்கடை போட்டுப் பெயர் வாங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு ஆண்டுகள் கழித்து, 2005-இன் இறுதியில், மிஷலின் வழிகாட்டி மூன்றாவது நட்சத்திரத்தைக் கொடுத்தது. அன்றிலிருந்து அது இறங்கவில்லை. டயர் கம்பெனி ஒன்று 1900-இல் கார் வைத்திருப்போருக்காக வெளியிடத் தொடங்கிய கையேடுதான் மிஷலின். மூன்று நட்சத்திரம் என்றால், அந்தச் சாப்பாட்டுக்காகவே ஒரு பயணம் கிளம்பலாம் என்று பொருள். இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டும்தான். மண்டபத்தின் அலங்காரத்துக்கு மதிப்பெண் இல்லை, ஜன்னலுக்கும் இல்லை. உலகத்தின் ஆகச் சிறந்த காட்சிகளில் ஒன்றுக்கு முன்னால் உட்கார்ந்து, அதற்கு முதுகைக் காட்டி எழுதிய பரீட்சையில் பெக் தேறினார்.

தேறியதற்குச் சாட்சியாக ஒரே ஒரு பதார்த்தத்தைச் சொன்னால் போதும். ஃபகொத்தெல்லி.

ஃபகொத்தோ என்றால் இத்தாலிய மொழியில் மூட்டை. ஃபகொத்தெல்லி என்பவை குட்டி மூட்டைகள். இதைப் புரிந்துகொள்ள முதலில் கார்பொனாரா தெரிய வேண்டும். ரோமின் அடையாளமான பாஸ்தா அது. முட்டை மஞ்சள்கரு, செம்மறியாட்டுப் பாலில் செய்த பெக்கரீனோ பாலாடைக்கட்டி, உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக் கன்னமாகிய குவாஞ்சாலே, தாராளமாக மிளகு. இதைச் சீசர் காலத்து உணவுபோல ரோமானியர் கொண்டாடுவார்கள். உண்மையில் இது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அச்சில் தலைகாட்டிய இளம்பிள்ளை. 1954-இல் ‘லா குசீனா இத்தாலியானா’ என்ற இதழ் வெளியிட்ட செய்முறையில் பூண்டும் க்ருயேர் பாலாடைக்கட்டியும் இருந்தன. இன்று ரோமில் யாரும் அப்படிச் செய்தால் அடிக்க வருவார்கள்.

கார்பொனாராவின் பலவீனம் நேரம். முட்டை மஞ்சள்கரு 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கெட்டிப்படத் தொடங்கும். சூடு கொஞ்சம் மிஞ்சினால் முட்டைப் பொரியல். குறைந்தால் பச்சை வாடை. சரியாக வந்தாலும் தட்டில் ஐந்து நிமிடம் விட்டால் சாறு இறுகிப் பாஸ்தாவோடு பிசின்போல ஒட்டிக்கொள்ளும். சாறு வெளியே இருக்கிறது, காற்று படுகிறது, ஆறுகிறது. சாப்பிடுபவர் ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தால் தீர்ந்தது கதை.

பெக் செய்தது ஒரே காரியம். வெளியே இருந்த சாற்றை உள்ளே கொண்டுபோனார். மஞ்சள்கரு, பெக்கரீனோ, க்ரீம் மூன்றையும் இளஞ்சூட்டில் கலக்கிக் குளிர வைத்தால் அது பூரணம்போல இறுகும். அதை மெல்லிய மாவுத்தகட்டில் வைத்து மடித்துக் கொதிநீரில் போட்டால் உள்ளே இருப்பது மறுபடி இளகிச் சாறாகும். மேலே பொன்னிறமாக வறுத்த குவாஞ்சாலேயும் பொடியாக நறுக்கிய சுக்கினியும். அவ்வளவுதான். கொழுக்கட்டைக்குப் பூரணம் வைத்துப் பழகிய கைகளுக்கு இதன் கஷ்டம் உடனே விளங்கும். நம் பூரணம் உருண்டையாக நிற்கும். இங்கே உள்ளிருப்பது வேகும்போது தண்ணீராக நெகிழ்ந்துவிடும். மடிப்பில் ஊசிமுனை அளவு விரிசல் இருந்தால் போதும், அத்தனையும் பானையில்தான். மாவு தடித்தாலோ வாயில் மாவுதான் தெரியும்.

கார்பொனாராவில் க்ரீம் சேர்ப்பதை ரோமானியர் பாவமாக நினைப்பவர்கள். இங்கே மட்டும் மன்னிப்பு கிடைத்தது. மலிவான கடைகளில் க்ரீம் விடுவது முட்டையைச் சரியாகச் சமைக்கத் தெரியாததை மறைக்க. பெக் விட்டது, குளிரில் இறுகிச் சூட்டில் இளகும் அதன் குணத்துக்காக. ஒரே பொருள் ஓரிடத்தில் கள்ளத்தனம், இன்னோரிடத்தில் கைத்திறன்.

ஃபகொத்தெல்லியைக் கத்தியால் வெட்டக் கூடாது. முட்கரண்டியால் குத்தவும் கூடாது. முழுசாக வாயில் போட்டு, வாயை மூடிக்கொண்டு கடிக்க வேண்டும். மாவு கிழிகிறது, சூடான சாறு நாக்கின் நாலாபக்கமும் பாய்கிறது, அப்புறம்தான் குவாஞ்சாலேயின் உப்பும் மொறுமொறுப்பும். அந்த நொடியில் யாரும் ஜன்னலைப் பார்க்க முடியாது. பேசவும் முடியாது. குவிமாடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் மனிதர் அங்கே இல்லை. கார்பொனாரா என்ற உணவு, பார்த்துக்கொண்டே சாப்பிடுபவரிடம் தோற்றுப்போகும். ஃபகொத்தெல்லி அவரைக் கையைப் பிடித்துத் தட்டுக்கு இழுத்துக்கொண்டு வருகிறது. மேல்மாடி உணவகம் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பதார்த்தத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இந்த வித்தையில் பாதிப் பங்கு பரிமாறுபவர்களுக்கு. நம் ஊர்க் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் இருப்பார். யார் இலையில் ரசம் ஆறுகிறது, யார் கேட்கக் கூச்சப்படுகிறார் என்பது அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். இத்தாலியர் ‘சாலா’ என்று மரியாதையோடு சொல்லும் உணவுக்கூடத்துப் பணியும் அதே கண்ணைத்தான் கேட்கிறது. சூடாக உண்ண வேண்டியது வரும் நேரத்தில் விருந்தாளி எழுந்து மொட்டைமாடி ஓரத்துக்குப் போட்டோ எடுக்கப் போய்விடக் கூடாது. அதே சமயம், அந்தி நிறம் மாறும் அந்தப் பத்து நிமிடத்தில் குறுக்கே தட்டை நீட்டவும் கூடாது. எப்போது வரவேண்டும், எப்போது ஒதுங்கி நிற்க வேண்டும் என்று தெரிந்திருப்பதே இந்தத் தொழிலின் முக்கால் பங்கு.

ஒயினுக்கு வந்தால், மார்கோ ரெய்தானோ என்ற பெயரைச் சொல்லாமல் போக முடியாது. லா பெர்கோலாவின் நிலவறையில் 50,000-க்கும் மேற்பட்ட புட்டிகள் கொண்ட ஒரு தொகுப்பை வளர்த்தவர். அத்தனை புட்டிகளைச் சேர்ப்பது பணத்தின் வேலை. அதில் ஒன்றை எடுத்து இந்த மேசைக்கு இது என்று வைப்பதுதான் ரசனையின் வேலை. இங்கே தண்ணீருக்கும் தனிப் பட்டியல் வைத்தார்கள் என்று கேட்டு முன்பு சிரித்திருக்கிறேன். தாமிரபரணித் தண்ணீருக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் காப்பியின் ருசி எப்படி மாறும் என்று தெரிந்த ஊரில் பிறந்தவன் சிரித்திருக்கக் கூடாது.

பெக்கின் இன்னொரு பிடிவாதமும் எனக்குப் பிடிக்கும். உணவு உடம்பில் என்ன செய்கிறது என்பதை மருத்துவர்களோடு சேர்ந்து ஆராய்ந்து வருபவர் அவர். பல தட்டு விருந்து முடிந்து எழுந்திருக்கும்போது வயிறு கனக்கக் கூடாது என்பது அவர் கட்சி. விருந்தின் வெற்றியை மறுநாள் காலையில் அளக்கிற சமையல்காரர் அபூர்வம்.

குறை இல்லாமல் இல்லை. ஒருவருக்குச் சில நூறு யூரோ ஆகும் உணவு எத்தனை பேருக்கு எட்டும்? பளபளப்பும் குசுகுசுப் பேச்சும் சிலருக்கு மூச்சுமுட்டும். ரோமின் தெருவோர ‘த்ராத்தோரியா’வில் கத்திப் பேசி, ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிடும் கார்பொனாராவின் சந்தோஷம் வேறு. அதை இது மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். 2024-இல் லா பெர்கோலாவின் கூடத்தைப் புதுப்பித்து மீண்டும் திறந்திருக்கிறார்கள். சுவரும் நாற்காலியும் மாறலாம். குட்டி மூட்டைக்குள் சாறு இருக்கும்வரை எனக்குக் கவலையில்லை.

கடைசியாக ஒரு தகவல். அதே மோன்தே மாரியோவில், மரங்களுக்கு நடுவே, லோ ஸோதியாகோ என்றொரு பொதுக் காட்சிமேடை இருக்கிறது. காதலர்கள் வந்து நிற்கும் இடம். அங்கிருந்தும் நகரம் முழுக்கக் காலடியில் தெரியும். கட்டணம் கிடையாது. காட்சிதான் வேண்டும் என்றால் அங்கே போங்கள்; காசு மிச்சம். சாப்பிட என்று மேலே போகிறவர்களுக்கு மட்டும் என் யோசனை: ஜன்னலோர மேசையே கேளுங்கள். ஆனால் ஃபகொத்தெல்லி வரும்போது ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள்.