எல்லாரையும் கேட்கும் டிவி நம்மைக் கேட்பதில்லை

ஊருக்குப் போனால் கீழ்பென்னாத்தூர் வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் விவாத நிகழ்ச்சிதான். அப்பா மல்லாட்டை உரித்துக்கொண்டே பார்ப்பார். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அப்பாவுக்குக் கோபம் வரும், "நல்லா கேட்டான் பாரு" என்று சந்தோஷமும் வரும். தர்மசங்கடம் மட்டும் வந்ததே இல்லை. பல வருஷம் கூட உட்கார்ந்து பார்த்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது. நம்ம செய்தி சேனல்கள் அமைச்சரைக் கேட்கும், எதிர்க்கட்சியைக் கேட்கும், அதிகாரியைக் கேட்கும். பார்த்துக்கொண்டிருக்கும் நம்மைக் கேட்காது.

இது கட்சி டிவிகளின் கோளாறு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1993-ல் சன் டிவி, 1999-ல் ஜெயா டிவி, 2007-ல் கலைஞர் டிவி. 2001 ஜூன் 30 விடியற்காலையில் கருணாநிதி கைது செய்யப்பட்டபோது நான் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். சன் டிவியில் அவரைப் போலீஸ் இழுத்துச் செல்லும் காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. ஜெயா டிவியில் போலீஸ் தரப்புக்குச் சாதகமான காட்சிகள் ஓடின. ஹாஸ்டலில் அவரவர் கட்சிக்கு ஏற்ற சேனலைப் பார்த்துவிட்டு, முன்பு நம்பியதையே இன்னும் உறுதியாக நம்பினோம்.

2011-ல் புதிய தலைமுறை வந்தது. அடுத்த வருஷம் தந்தி டிவி. எந்தக் கட்சி டிவியும் இல்லை என்ற ஆறுதல் எனக்கு நிஜமாகவே இருந்தது. ஆனால் விவாத மேடையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஆளுங்கட்சிக்கு ஒருவர், எதிர்க்கட்சிக்கு ஒருவர், தேசியக் கட்சிக்கு ஒருவர், 'அரசியல் விமர்சகர்' ஒருவர். முன்பு நமக்குப் பிடித்த சேனலைத் தேடிப் போனோம், இப்போது நமக்குப் பிடித்த ஆள் ஒரே சேனலிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் தோற்பதில்லை. நேரம் முடிந்துவிடும், அவ்வளவுதான்.

சாஃப்ட்வேரில் எங்களுக்கு ஒரு பாலபாடம் உண்டு: எரர் மெசேஜில் யூசரைக் குற்றம் சொல்லாதே. ஆப்புக்கு அது சரி. யூசரை முறைத்தால் ஆப்பை டெலீட் பண்ணிவிட்டுப் போய்விடுவார். ரிமோட்டும் அப்படித்தான், டிஆர்பியும் விளம்பரமும் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் செய்தியில் சில நேரம் தப்பு உண்மையிலேயே யூசர் பக்கம் இருக்குமே?

பக்கத்து வேலூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 மக்களவைத் தேர்தலில் வருமான வரித் துறை சோதனையில் சுமார் 11 கோடி ரூபாய் சிக்கியது. ஏப்ரல் 18 வாக்குப்பதிவு, இரண்டு நாள் முன்னால் தேர்தலே ரத்து. பணம் வார்டு வாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. வார்டு என்றால் யார்? வாக்காளர்தான். ஓட்டுக்குப் பணம் வாங்குவதும் சட்டப்படி குற்றம். நான் பார்த்தவரை எல்லா விவாதமும் 'பணம் யாருடையது, ரெய்டில் அரசியல் உள்ளதா' என்றுதான் போனது. 'போன தேர்தலில் நீங்க வாங்கினீங்களா' என்று கேமராவைப் பார்த்து யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று எங்கள் மாவட்டத்திலேயே நடந்தது. திருவண்ணாமலைக்கு அந்தப் பக்கம், தண்டராம்பட்டு வட்டத்தில் தென்முடியனூர். 2023 ஜனவரி 30-ல் அங்குள்ள முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் சுமார் 80 ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாக நுழைந்தார்கள். அறநிலையத் துறை கோயில்தான். ஆனாலும் கலெக்டர், எஸ்.பி., போலீஸ் பாதுகாப்பு எல்லாம் தேவைப்பட்டது. டிவியில் பொங்கல் பானை, கண்ணீர், மகிழ்ச்சி. எங்கோ ஒரு ஊரில் இருந்த பிரச்சினை, அதிகாரிகள் வந்தார்கள், தீர்ந்தது. அப்பா "கலெக்டரே வந்துட்டாரு, முடிஞ்சிது" என்று சேனலை மாற்றினார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தச் செய்தி எங்கள் வீட்டுக்குள் வந்ததே டிவியால்தான். பகையைச் சம்பாதித்துக்கொண்டு அதைப் படம்பிடிக்கும் உள்ளூர் நிருபர்களை நான் குறை சொல்லவில்லை. என் குறை அடுத்த கேள்வி வராததில்தான். எண்பது வருஷம் தடுத்தது கலெக்டரா? ஊர்தானே. அந்த மாதிரி ஊர்களில் இருக்கிறவர்கள்தானே நிகழ்ச்சியின் நேயர்கள். எந்தப் பேனலிலும் 'ஊர்' சார்பாக ஒருவர் உட்கார்ந்து பதில் சொல்வதில்லை.

அன்றைக்கு நானும் கேட்கவில்லை. சேனல் மாறியதில் எனக்கும் ஒரு நிம்மதிதான், மறைப்பானேன். போன முறை போனபோதுதான் கேட்டேன்: "நம்ம தெருத் திருவிழாவுக்கு யார் யார்கிட்ட தலைக்கட்டு வரி வாங்குறோம்? யார்கிட்ட வாங்கறதில்ல? ஏன்?"

"அதெல்லாம் அப்பலேர்ந்து அப்படியே வர்ற வழக்கம்" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "நீ மட்டும் மெட்ராஸ்ல வாடகைக்கு வீடு தேடுனப்ப எல்லாரும் இருக்கற தெருவாவா தேடுன?" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. நானும்தான் பார்த்துத் தேடினேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது, யாரோ யாரையோ ராஜினாமா செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேரையும் அது எதுவும் கேட்கவில்லை.