மரீக்கு என்ன வேலை? நட்கிராக்கரும் குழந்தைகளும்

டிசம்பர் வந்துவிட்டால் அமெரிக்காவில் சின்ன ஊர்ப் பள்ளி மேடையிலிருந்து நியூயார்க் லிங்கன் சென்டர் வரைக்கும் நட்கிராக்கர் பாலேதான். கிறிஸ்துமஸ் இரவில் ஒரு சிறுமிக்குக் கொட்டை உடைக்கும் மரப்பொம்மை பரிசாகக் கிடைக்கிறது. நள்ளிரவில் எலிப்படை வருகிறது, பொம்மை இளவரசனாக மாறுகிறது, இருவரும் இனிப்புகளின் தேசத்துக்குப் போகிறார்கள். கதை அவ்வளவுதான்.

சைக்கோவ்ஸ்கி இசையமைத்த இந்த பாலே 1892 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியபோதே ஒரு புகார் எழுந்தது: மேடை முழுக்கக் குழந்தைகள், முதன்மை நடனக்காரி வருவதோ கடைசியில். பிற்பாடு பலர் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு, நாயகியைப் பெரியவளாக்கிவிடுவது. மாஸ்கோவில் கிரிகோரோவிச் (1966), அமெரிக்காவில் பாரிஷ்னிகோவ் (1976) இருவரும் அதைத்தான் செய்தார்கள். வளர்ந்த நடனக்காரியே சிறுமியாக வருவாள், முடிவில் பெரிய ஜோடி நடனத்தையும் அவளே ஆடுவாள்.

ஜார்ஜ் பாலன்சின் 1954ல் நியூயார்க் சிட்டி பாலேவுக்காக அமைத்த வடிவம் இதற்கு நேர் எதிர். நாயகி மரீயும் இளவரசனும் பாலே பள்ளி மாணவர்கள், நிஜக் குழந்தைகள். பெரிய ஜோடி நடனம் சுகர் பிளம் தேவதைக்கும் அவள் துணைவனுக்கும் போய்விடுகிறது. "அப்ப அந்தக் குழந்தைங்க ஆடவே மாட்டாங்களா?"ன்னு கேட்டால், பெரும்பாலும் மாட்டார்கள். அதுதான் சரி என்பது என் கட்சி.

முதல் அங்கத்தில் ஒரு இடம். விருந்து முடிந்து எல்லோரும் போனபிறகு மரீ இருட்டில் தனியாக வந்து, பொம்மையை அணைத்துக்கொண்டு சோபாவில் தூங்கிவிடுகிறாள். அம்மா தேடிவந்து சால்வையைப் போர்த்திவிட்டுப் போகிறாள். இதற்காகவே ஸ்லீப்பிங் பியூட்டியிலிருந்து ஒரு வயலின் பகுதியை பாலன்சின் எடுத்துச் சேர்த்தார். இதில் நடனம் என்று ஒன்றும் கிடையாது. அதே இடத்தில் இருபத்தைந்து வயசுக்காரி சிறுமியாகப் படுத்தால் நாம் அவள் நடிப்பைத்தான் கவனிப்போம். பிறகு கிறிஸ்துமஸ் மரம் 41 அடிக்கு வளர்கிறது. அதற்கு முன்னால் நிஜமாகவே சின்ன உருவம் நின்றால்தான் நமக்கும் பயம் வரும். கோவிட் தடுப்பூசி காரணமாக 2021ல் பன்னிரண்டு வயசுக்கு மேற்பட்டவர்களை மட்டுமே மேடையேற்றினார்கள். உடைகளையே பெரிசாகத் தைக்க வேண்டியிருந்தது. இந்தத் தயாரிப்பு எவ்வளவு தூரம் குழந்தையின் அளவை நம்பி நிற்கிறது என்பதற்கு இது போதும்.

இரண்டாம் அங்கத் தொடக்கத்தில் இளவரசன் போரின் கதையைத் தேவதையிடம் கையாலும் முகத்தாலும் சொல்கிறான். நம்மூர்க் கணக்கில் அபிநயம். பாலன்சினே 1919ல் ரஷ்யாவில் மாணவனாக இருந்தபோது இந்த வேஷம் கட்டியவர், அந்தப் பழைய அபிநயத்தை நினைவிலிருந்து மீட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு சைகையும் இசையின் அந்தந்தச் சுரத்தில் விழ வேண்டும். குழந்தை அழகாகச் சிரித்தால் போதாது. 1993ல் வந்த சினிமா வடிவத்தில் மெக்காலே கல்கின்தான் இளவரசன். 'ஹோம் அலோன்' புகழோடு வந்தவர், அதே பாலே பள்ளியில் படித்தவரும்கூட. ஆனாலும் படத்தில் அவர் முகம் கேமராவுக்குக் காட்டும் முகமாகவே இருக்கிறது, கதை கைக்கு இறங்கவில்லை. பெயரில்லாத மாணவர்கள் மேடையில் இதைவிட நன்றாகச் செய்கிறார்கள்.

என் மனத்தாங்கல் வேறு இடத்தில். எலி அரசன்மேல் செருப்பை வீசி இளவரசனைக் காப்பாற்றுவது மரீதான். ஆனால் தேவதையிடம் அந்தக் கதையைச் சொல்கிற உரிமை பையனுக்கு. அவன் சொல்லும்போது அவளையும் சுட்டிக்காட்டுகிறான், உண்மை. அதன்பிறகு அவள் சிம்மாசனத்தில் உட்கார்ந்து நடனம் நடனமாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வேடிக்கை பார்ப்பதும் ஒரு வேலைதான், அவள் கண் வழியாகத்தான் நாமும் பார்க்கிறோம் என்று சொல்லலாம். அந்தச் சமாதானம் பாதி தூரம்தான் போகிறது. பையன்களைவிடச் சிறுமிகளே பெருங்கூட்டமாக வந்து சேருகிற ஒரு கலையில், சிறுமிக்குக் கிடைக்கும் உச்ச வேஷம் பேச்சில்லாத விருந்தாளியாக முடிவது நெருடுகிறது.

இதற்கு மருந்து மரீயைப் பெரியவளாக்குவது இல்லை. அந்தக் கதையில் செருப்பு வரும் பகுதியை அவளே சொல்லட்டும். நாலு வரி இசை போதும்.