சித்தாளுக்கு மட்டும் தண்டனையா?

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 27 அன்று, நடிகர் விஜய் கரூரில் நடத்திய அரசியற் கூட்டத்தின் நெரிசலிற் சிக்கி 41 பேர் மாண்டனர். தாய்மாரும் குழந்தைகளும் அவருள் அடங்குவர். அடுத்த சில நாட்கள் உத்திரமேரூர்த் தேநீர்க் கடையிலும் காஞ்சிபுரம் செல்லும் பேருந்திலும் நம் செவியில் விழுந்தது ஒரே கேள்வி: இவர்கள் அங்கே ஏன் போனார்கள்? இடம் போதுமா, காவல் போதுமா, குடிக்கத் தண்ணீர் இருந்ததா என்று கேட்டவர் சிலர். ஏன் போனார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டவரே பலர். நாமும் அவ்வாறே கேட்டோம், மறைப்பானேன்? கேட்ட பின்னரே, இக்கேள்வியை நம் கதாசிரியர்கள் நெடுநாள் முன்பே கேட்டு, விடையோடு தீர்ப்பையும் எழுதி முடித்துவிட்டனர் என்பது நினைவுக்கு வந்தது.

1972-இல் வெளிவந்த ஜெயகாந்தனின் ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ அத்தகைய தீர்ப்பு. கம்சலை, சென்னையில் கட்டட வேலைக்குச் செல்பவள். அவள் கணவன் ரிக்‌ஷாத் தொழிலாளி. திரையில் தோன்றும் நாயகன்மேல் அவள் கொண்ட பித்து, மணவாழ்வைக் குலைத்து, அவளைக் கயவர் கையிற் சேர்த்து, மதியையும் பறிக்கிறது. அந்நாயகன் எம்.ஜி.ஆரையே குறிக்கிறான் என்று அன்றும் இன்றும் வாசகர் கொள்வர். ஆகவே நம்மவர் பலர் இந்நூலைத் தொடவும் மாட்டார். அரசியற் பகை தீட்டிய கதை என்று ஒதுக்குவர். ஒதுக்குவது தவறு. சேரி மக்களின் பேச்சை, மெருகிடாமல், கூசாமல் அச்சேற்றிய நூல் அது. கல் சுமப்பவளைக் கதையின் நடுவில் நிறுத்தும் துணிவு எத்தனை எழுத்தாளருக்கு இருந்தது?

மேலும், கோபப்படும் உரிமைதான் நமக்கு உண்டா? 1967 சனவரி 12 அன்று எம்.ஆர். ராதாவால் சுடப்பட்ட எம்.ஜி.ஆர்., மருத்துவமனையில் படுத்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். கழுத்திற் கட்டுடன் அவர் இருந்த படம், சுவர்தோறும் அவருக்காக வாக்குக் கேட்டது. பரங்கிமலை அன்று நம் செங்கற்பட்டு மாவட்டம். அப்படத்தைக் கண்டு கண்ணீர் விட்ட கம்சலைகள் எத்தனை ஆயிரமோ! அக்கண்ணீர் வாக்காகியபோது இனித்தது. அது கதையாகியபோது மட்டும் கசந்ததென்றால், நேர்மை எங்கே?

நம் குறை வேறு. பித்துக்கொண்டவள் வீழ்கிறாள், சரி. பித்தை விளைவித்தவன்? அவன்பால் நம் கதைகளும் படங்களும் காட்டும் கனிவைப் பாரீர்! 1964-இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தை எடுத்துக்கொள்வோம். கதை கே. பாலசந்தருடையது, இயக்கியவர்கள் கிருஷ்ணன்–பஞ்சு. உணவு விடுதியில் பரிமாறும் இளைஞன் பெரும் நடிகனாகிறான், விரும்பியவள் கிட்டவில்லை, தாயின் இறுதி வேளையில் அருகிருக்கவும் இயலவில்லை. புகழை உதறிவிட்டு மீண்டும் பரிமாறப் போகிறான். நாகேஷின் முகம் கண்டு அழாதவர் யார்? நாமும் அழுதோம், இரு முறை. 1966-இல் சத்யஜித் ரே எடுத்த ‘நாயக்’ படத்திலும் அவ்வாறே. விருது பெற இரயிலில் தில்லி செல்லும் நடிகன், பணத்தாட்களில் அமிழ்வதாய்க் கனாக் கண்டு நடுங்குகிறான். அவன் உள்ளத்தைத் திறக்கக் கேட்ட பத்திரிகைப் பெண், எழுதிய குறிப்புகளை முடிவில் கிழித்தெறிகிறாள். மன்னிப்பு, முழு மன்னிப்பு! (அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ படத்தொழிலின் பின்கட்டைப் பற்றியது, இரசிகர் அதன் பொருளல்லர். விட்டுவிடுகிறோம்.)

இரசிகைக்கு மன்னிப்பே கிடையாதா? உண்டு, அவள் நல்ல வீட்டிற் பிறந்திருந்தால்! 1971-இல் ரிஷிகேஷ் முகர்ஜி எடுத்த ‘குட்டி’ என்னும் இந்திப் படத்தில் பள்ளி மாணவி ஒருத்தி நடிகர் தர்மேந்திராவிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள். கம்சலைக்கு வந்த அதே நோய். ஆனால் இவளுக்கு உளவியல் கற்ற பெரியவர் ஒருவர் வாய்க்கிறார். அவர் தர்மேந்திராவையே துணைக்கு அழைத்து, படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிக் காட்டி, ஒப்பனையின் பின்னுள்ள உழைப்பையும் வறுமையையும் காணச் செய்து, மெல்லத் தெளிவிக்கிறார். மாணவிக்குப் பாடம், சித்தாளுக்குத் தண்டனை. எழுதியவர் வேறு, மொழி வேறு. ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நெஞ்சு உறுத்துகிறது.

எம் ஊர்க் கல்வெட்டைக் காண வெளியூரார் பலர் வருவதுண்டு. பராந்தக சோழன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அது. குடவோலை முறைக்கு அதுவே சான்று என்று நாமும் மாணவர்க்குப் பெருமையோடு கற்பிக்கிறோம். ஆனால் குடத்தில் பெயர் விழ வேண்டுமாயின், கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வேதக் கல்வி வேண்டும். அக்கோயிலுக்குக் கல் சுமந்தவள் பெயர் எந்த ஓலையில் ஏறும்? தன் பெயர் எங்கும் எழுதப்படாதவள், வானளாவ எழுதப்பட்ட ஒருவன் பெயரைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறாள். திரையில் அவன் பண்ணையாரை அடிக்கும்போது அவள் கையும் உயர்கிறது. இதை மடமை என்று ஒரு சொல்லில் முடிப்பவர், அவளுக்கு வேறு எந்த இடத்தில் கை உயர்த்த விட்டனர் என்பதையும் சொல்ல வேண்டாமா? ஜெயகாந்தன் அந்தப் பசியை அறியாதவர் அல்லர். அறிந்தும், கதையின் முடிவில் அவளை எச்சரிக்கைப் பலகையாக்கிவிட்டார் என்பதே நம் வருத்தம்.

சென்ற திங்கள் பத்தாம் வகுப்பில் இக்கதையின் சுருக்கத்தைச் சொல்லி, கம்சலை செய்தது சரியா என்று கேட்டோம். தவறு, தவறு என்று வகுப்பே முழங்கிற்று. கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் வாய் திறக்கவில்லை. நீ என்னம்மா சொல்கிறாய் என்றோம். எழுந்து, சற்றுத் தயங்கிச் சொன்னாள்:

“எங்கம்மாவும் சித்தாள் வேலைக்குத்தான் போறாங்க சார். படத்துக்கும் போவாங்க. விசில்கூட அடிப்பாங்க. மறுநாள் காலையில ஆறு மணிக்கெல்லாம் வேலைக்குக் கிளம்பிடுவாங்க.”